கேட்காமல் நேர்ந்த மீன்

அருள்,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் ரிசார்ட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மலைதான் இருக்கிறது, கையில் ஃபோனும் இருக்கிறது. பிறகு எதற்கு இந்த மனுஷன் தாள் தாளாக எழுதி, ஒட்டி, ஜீப்புக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறார் என்று கேட்பாய். காரணம் இதுதான். ஃபோனில் உன்னிடம் எதைச் சொன்னாலும் "பாக்கலாம்ப்பா" என்பாய். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றாலும் பாக்கலாம்ப்பா, பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் பாக்கலாம்ப்பா. அந்தப் 'பாக்கலாம்' சரி என்பதா, முடியாது என்பதா, இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள் என்பதா, உன்னைப் பெற்று வளர்த்த எனக்கே இன்னும் பிடிபடவில்லை. தாளிடம் நீ அதைச் சொல்ல முடியாது. கடைசி வரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு ஞாயிறு. காலைப் பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பில் முதலாவது. நீ டூட்டியில் இருந்தாய், வரவில்லை. உன் அம்மா பீரோவில் பூட்டி வைத்திருந்த பச்சைப் பட்டை எடுத்து உடுத்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணே தான்தான் என்பது போல முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாமியார் உன் பெயரையும் செல்வியின் பெயரையும், இரண்டு வீட்டு அப்பா அம்மா பெயர்களையும் வாசித்துவிட்டு, வழக்கம்போல "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும்" என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. ஏனென்றால் ஒரு தடை இருப்பது எனக்குத் தெரியும். பயந்துவிடாதே, சாமியாரிடம் போய்ச் சொல்லும்படியான தடை இல்லை. நீ வேறு யாரையும் கட்டிவிட்டு வந்து ஒளிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு செல்வி வேலையை விட்டுவிட்டு இங்கே மலைக்கு வந்து நம்மோடு இருப்பாள் என்று உன் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ கீழே பொள்ளாச்சிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு வருவாய் என்று செல்வி நம்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரையும் நம்ப வைத்தது நீ. இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. அதற்குள் இதை நேராக்கவில்லை என்றால், தாலி கட்டி முடித்த மறுநாள் நம் வீட்டு அடுப்படியில் இது வெடிக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதை நான் சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும்?

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மீன் விவகாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ அதைத் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். தப்பாகத் தெரிந்து வைத்திருந்தாலும் பரவாயில்லை, அதை ரிசார்ட்டின் இன்டர்நெட் பக்கத்தில் என் ஃபோட்டோவோடு வேறு போட்டு வைத்திருக்கிறாய். 'இயற்கையை நேசித்து, பிடித்த மீனையெல்லாம் மீண்டும் நீரில் விடும் மாமனிதர்' என்று. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் என் காலைத் தொட வந்துவிட்டார். நான் துள்ளி விலகியதில் தண்ணீரில் விழுந்திருப்பேன். மாமனிதரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் டிரவுட் மீனை ஆசை ஆசையாகப் பிடித்து, ஆசை ஆசையாகத் தின்றவன்.

டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த காலத்தில் எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சொந்தம். ஞாயிறு பூசை முடிந்ததும் மீன் பிடிக்கும் பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேல் ஏரிக்குப் போய்விடுவேன். துரைமார் எங்கிருந்தோ கொண்டு வந்து விட்ட மீன் அது, தண்ணீர் சில்லென்று இல்லாவிட்டால் செத்துப்போகும். கெளுத்தி போலச் சேற்றில் கிடக்காது. ஓடும் தண்ணீரில் கல்லுக்குப் பின்னால் எதிர்முகமாக நின்றுகொண்டு, மேலே வரும் பூச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே புழு போடக் கூடாது. சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சியைத்தான் போட வேண்டும். உன் நிழல் தண்ணீரில் விழுந்தால் அன்றைக்குப் பிழைப்பு முடிந்தது. இத்தனை வித்தைக்கும் பிறகு ஒரு மீன் மாட்டினால், அந்தத் தூண்டில் கழி கையில் துடிக்கும் துடிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. கொண்டு வந்து கொடுத்தால் உன் அம்மா நாலு துண்டு போட்டு, மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி, தோசைக்கல்லில் சுட்டுத் தருவாள். ஃபேக்டரி டிரையர் பக்கத்தில் ஆறு நாள் வெந்ததெல்லாம் அந்த ஒரு தட்டில் தீர்ந்துபோகும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உனக்கு நினைவிருக்காது. எனக்கு அந்த மழைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீ பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கு இருந்த சந்தோஷத்தில் நேராக ஏரிக்குப் போனேன். என் வாழ்நாளிலேயே பெரிய மீன் அன்றைக்குத்தான் மாட்டியது. உனக்கு ரசம் வைத்துக் கொடுக்கலாம் என்று கோரைப் புல்லில் கோத்துத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வாசலுக்கு வந்தால், உன் அம்மா நிலைப்படியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அத அங்கனயே வைங்க. உள்ள கொண்டாராதீய. மீன நேந்துட்டேன்."

"எந்த மீன?"

"எல்லா மீனையுந்தான். இனிமே எங்க வீட்டுக்காரக மீனக் கொல்ல மாட்டாகன்னு அந்தோனியார்ட்டச் சொல்லிட்டேன்."

"நான் கொல்ல மாட்டேன்னு நீ எப்படிச் சொல்லலாம்?"

"பிள்ள மூச்சுக்குத் திணறிட்டுக் கெடக்கு. ஃபேக்டரிக்கு வந்து ஒங்கள்ட்ட சம்மதம் கேட்டுட்டா நிக்க முடியும்?"

"நேர்றதுன்னா ஒன் காப்பிய நேர வேண்டியதுதான?"

"காப்பிய விட்டா எனக்கு ரெண்டு நாளு தலவலி, அம்புட்டுத்தான். பெருசாக் குடுத்தாத்தான பெருசாக் கேக்க முடியும்? இந்த வீட்டுல ஒங்க மீன விடப் பெருசு என்ன இருக்கு?"

அதிலும் பார், இத்தனை புனிதர்கள் இருக்க, மீன்களுக்கே பிரசங்கம் செய்த அந்தோனியாரிடம் போய் என் மீனை நேர்ந்திருக்கிறாள். அவர் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெரிய மீனைப் பக்கத்து லயத்துக்காரர் வாங்கிப் போய், மத்தியானம் முழுக்க வாசனை வர வர வறுத்தார். எனக்கு வந்த கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அப்போதிருந்த சாமியார் வயசானவர், நல்ல மனுஷர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஒருத்தர் நேர்ந்தது அவரைத்தான் கட்டும்ப்பா. இன்னொருத்தர் பேர்ல நேர்ந்தது செல்லாது. நீ போய் மீன் பிடி" என்றார். கேஸ் ஜெயித்தவன் போல மலை இறங்கி வந்தேன். வழியெல்லாம் உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தைப் பார்ப்பது என்று ஒத்திகை வேறு.

வீட்டுக்குள் நுழைந்தால் நீ அம்மா மடியில் உட்கார்ந்து, ரஸ்க்கைப் பால் விடாத கட்டஞ்சாயாவில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறாய். மூச்சில் ஒரு சத்தம் இல்லை. உதட்டில் நிறம் வந்திருந்தது. நான் எங்கே போய் வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "சாமி என்ன சொன்னாக?" என்று கேட்டாள், பயத்தோடு கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். "நேர்ந்தது நேர்ந்ததுதான்னு சொல்லிட்டாரு" என்றேன். பச்சைப் பொய். அதை நான் இன்று வரை அவளிடம் திருத்தவில்லை. அன்று சாயங்காலம் படத்துக்கு முன்னால் நின்று, அவள் சொன்னது கணக்கில் வராது, இப்போது நான் சொல்கிறேன், இனிமேல் மீனைக் கொல்ல மாட்டேன், என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று அந்தோனியாரிடம் நானே சொன்னேன்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அவள் நேர்ந்தாலும் நான் நேர்ந்தாலும் விட்டது அதே மீன்தான், ஆனால் விட்ட விதம் வேறு. அவள் நேர்ந்ததற்காக மட்டும் விட்டிருந்தால், ஒவ்வொரு ஞாயிறும் அவளை முறைத்துக்கொண்டுதான் ரசம் சோறு தின்றிருப்பேன். யார் வீட்டிலாவது மீன் வாசனை வந்தால் அன்றைக்கு ஒரு சண்டை நடந்திருக்கும். நானே சரி என்று சொன்னதால் அது எனக்குப் பாரமாகவே இல்லை. பிடிப்பதையும் நான் நிறுத்தவில்லை. முள்ளின் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட்டு, முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டிருப்பேன். தள்ளிவிடக் கூடாது. அதற்குத் தெம்பு வந்ததும் அதுவாகவே போகும். டூரிஸ்ட் ஆட்கள் இதைப் பார்த்துவிட்டுக் கொள்கை என்கிறார்கள். எனக்குக் கொள்கையெல்லாம் இல்லை, ஒரு பிள்ளை இருந்தான், அவ்வளவுதான். அந்த இன்டர்நெட் பக்கத்தை முதலில் மாற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நிச்சயத்துக்குப் பிறகு செல்வி வீட்டார் பொள்ளாச்சிப் பக்கம் மீனாட்சிபுரத்திலிருந்து நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நீ காலையில் முகத்தைக் காட்டிவிட்டு டூட்டி என்று ஓடிவிட்டாய். செல்வியின் அப்பா இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, "ஏனுங்க சம்பந்தி, இந்தக் குளுருக்குள்ள எப்படீங்க குடியிருக்கறீங்க?" என்று அடுப்பை விட்டு அசையவில்லை. அம்மாக்கள் இரண்டு பேரும் சீர்வரிசைப் பேச்சில் இறங்கிவிட்டார்கள். நான் மெதுவாகக் கழியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். "மாமா, நானும் வரட்டுங்களா?" என்று பின்னால் ஒரு குரல். மஞ்சள் சுடிதாரில் வந்தால் மீன் காத தூரம் ஓடும் என்றேன். உடனே என் பழைய காக்கி ஸ்வெட்டரை வாங்கி மேலே மாட்டிக்கொண்டாள். அந்த இடத்திலேயே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

ஏரிக்கு மேலே ஓடை விழும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். மீனுக்குப் பின்னால் இருந்து போக வேண்டும், அசையக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். "மாட்டுகிட்டப் போறப்பவும் அப்படித்தானுங்க மாமா, வெடுக்குன்னு அசைஞ்சா மெரண்டுபோகும்" என்று எனக்குப் பாதி பாடத்தை மிச்சப்படுத்திவிட்டாள். அதற்காகக் கைதேர்ந்தவள் என்று நினைக்காதே. முதலில் புதரைப் பிடித்தாள், அடுத்து ஒரு மரக்கிளையைப் பிடித்தாள், அதற்கடுத்து என் தொப்பியைப் பிடித்தாள். அப்புறம் எப்படியோ ஒன்று மாட்டியது. அவள் போட்ட கூச்சலில் மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கையை நனைத்து அவளே மீனை எடுத்தாள். பக்கவாட்டில் ஓடும் அந்தச் செந்நிறக் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். விடச் சொன்னதும் விட்டாள். "ஏனுங்க மாமா, இத்தனை பாடுபட்டுப் புடிச்சத எதுக்குங்க உட்டுப்போடோணும்?" என்றாள். மேலே எழுதிய கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துச் சூடு காய்ந்துகொண்டே அவள் தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நீ அவளிடம் அந்த வேலையைப் பற்றி எப்போதாவது கேட்டிருக்கிறாயா? விடிவதற்குள் பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறாள். ஒவ்வொருவர் கொண்டு வரும் பாலையும் கொழுப்புப் பார்த்துச் சொல்வது அவள்தான். முன்னால் இருந்த ஆள் காலத்தில் தினமும் அங்கே அடிதடியாம். "இப்ப யாரும் சண்டைக்கு வர்றதில்லீங்க மாமா. செல்வி பாத்தாச் செரியாத்தான் இருக்கும்னு கேனைக் கவுத்துட்டுப் போயிர்றாங்க" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, உப்பு சரியாக இருக்கிறது என்பது போலச் சொன்னாள். இப்போது வேலை ஸ்திரமாகிவிட்டதாம். பாலைக் குளிர வைக்கும் புது யூனிட் வருகிறது, அதையும் அவளைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். "கல்யாணத்துக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேனுங்க. முடிஞ்சதுமு போயிருவேன். பொள்ளாச்சியில ஓட்டலுக்கா பஞ்சம், அவருக்கு அங்கயே ஒண்ணு பாத்துக்கலாம்னு பேசியிருக்கறமுங்க."

"அவன் என்னம்மா சொன்னான்?"

"பாக்கலாம்னாருங்க."

நான் ஃபிளாஸ்க்கை மூடிக் கீழே வைத்தேன். முந்தின வாரம்தான் நீ உன் அம்மாவிடம், செல்வி வேலையை விட்டுவிடுவாள், எங்கள் ரிசார்ட் ஆபீஸிலேயே அவளுக்கு ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டேன் என்று சொன்னாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதைக் கேட்டதிலிருந்து அவள் பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது ஜன்னல் திரை தைத்து, கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க மருமக எங்ககூடத்தான் இருக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒரே வாயை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கு இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாய். உன் கெட்டிக்காரத்தனத்தை எதில் காட்டுவது என்று ஒரு விவஸ்தை இல்லையா?

அன்றைக்கே செல்வியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் வாயால் அவள் கேட்க வேண்டியதை என் வாயால் கேட்டால் அவள் உன்னை எப்படி மதிப்பாள்? நீயே சரி செய்வாய் என்று காத்திருந்தேன். நீ செய்யவில்லை, ஓலையும் வாசித்தாயிற்று.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்றும் எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. அம்மாவின் முழங்கால் வலியைப் பார்த்தாய், ஒரே பிள்ளை மலை இறங்கிப் போனால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று பயந்தாய். அம்மாவிடம் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, செல்வியிடமும் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. எல்லாம் பாசம்தான். உன் அம்மா என் மீனை நேர்ந்ததும் பாசத்தில்தான். பாசத்தில் செய்தால் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பது நம் வீட்டு வியாதி. நீ செல்வியின் வேலையை நேர்ந்துவிட்டாய், அருள். அவளிடம் இருப்பதிலேயே பெரியது அதுதான். நான் மீனை விட்டது போல அவளும் பின்னால் மனசார விட்டுவிடுவாள் என்று எண்ணாதே. எனக்கு என் பிள்ளை மடியில் உட்கார்ந்து ரஸ்க் தின்றான், அதைப் பார்த்து நான் சரி என்றேன். அவளுக்கு எதைக் காட்டிச் சரி சொல்ல வைப்பாய்? உன் ரிசார்ட் ஆபீஸில் ஒரு நாற்காலியையா?

ஆகையால் நான் சொல்வதைச் செய். நேரில் போய் அவளைக் கேள். ஃபோனில் வேண்டாம். கேட்கும்போது "நீ வந்துருவதான?" என்று பதிலையும் சேர்த்துக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்காதே. எங்கே இருக்கலாம், உனக்கு என்ன இஷ்டம் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரு. பூச்சியைப் போட்டுவிட்டு உடனே கழியை வெட்டி இழுக்கிறவன் நீ, சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன். பொறு. அவள் யோசிக்கட்டும். அவள் இங்கே வருகிறேன் என்றால் சந்தோஷம், அறை தயாராக இருக்கிறது. வேலையை விடமாட்டேன் என்றால் நீ மூட்டையைக் கட்டு. வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து, பெயர் எழுதிக்கொண்டு, சாவியைக் கொடுக்கிற வேலைக்குப் பொள்ளாச்சியில் இடம் கிடைக்காதா உனக்கு? அப்படிச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைப்பான்.

எங்களை நினைத்து நடுங்காதே. உன் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க என் இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. என்னிடம் காசு கொடுத்து மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். உடுமலை வழியாக பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு மீனாட்சிபுரத்தில் இருக்கலாம். சம்பந்தி வீட்டுத் தயிர் எப்படி என்று நானும் பார்க்க வேண்டும் அல்லவா? நாங்கள் உன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் மூட்டை இல்லை, நீயாக அப்படி நினைத்துக்கொண்டு கூன் போடாதே.

இதுவரை உள்ளதைப் பூசை முடிந்து வந்ததுமே உனக்கு எழுதி வைத்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லும் வேலையை உன்னிடமே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். ரிசார்ட் வேலை பற்றிச் செல்விக்குத் தானே நல்ல செய்தி சொல்லப் போகிறாளாம். வேறு வழி இல்லை, ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எனக்குத்தான் விழுந்தது. "ஒரு மாசமா வயித்துக்குள்ளயே வச்சிட்டு இருந்தியளா? அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதாவது சொல்லலாம்லா?" என்றாள். பிறகு ராத்திரிச் சமையலுக்கு பீன்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, நறுக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அந்தப் பிள்ளையக் கேக்காமயா இவன் எங்கிட்டச் சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மேலே உனக்கு எழுதிய நியாயம் முழுவதையும் எடுத்து அவளிடம் கொட்டினேன். ஒரு பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் எந்த ஊரில் இருக்க வேண்டும், எந்த வேலையை விட வேண்டும் என்று ஒருத்தன் முடிவு செய்யலாமா, இது என்ன நியாயம் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைய யாரு கேட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு பெட்டியத் தூக்கி பஸ்ஸுல வச்சிய. நான் அப்ப எங்கூர்ல கன்னியர் மடத்துல தையல் டீச்சர். இருவது பிள்ளைய படிச்சிட்டு இருந்துச்சு. மதர் எனக்குப் புது மிஷினு வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தாக. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

தையல் தெரியும் என்பது எனக்குத் தெரியும். உன் சட்டையெல்லாம் அவள் தைத்ததுதான். அந்த ஜன்னல் திரையைக்கூட அவள்தான் தைத்தாள். டீச்சர் என்பது எனக்கு ஞாபகம் இல்லை, அருள். அவளிடம் நான் கேட்டதே இல்லை. எனக்கு இங்கே வேலை இருந்தது, கல்யாணம் ஆனால் பெண் வருவாள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் கோபமாகவும் இல்லை. மறுபடி கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்திருந்தாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன்.

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்." நறுக்கியதை அள்ளித் தண்ணீரில் போட்டாள். "ரெண்டு நாளு கழிச்சு, சரி வாரேன்னுருப்பேன். ஆனா அது நான் வந்ததா இருந்திருக்கும். இது இன்னைக்கு வரைக்கும் நீங்க கூட்டியாந்ததாத்தான் இருக்கு."

நான் எழுந்து வந்து இந்த மீதியை எழுத உட்கார்ந்தேன். இதை இன்றைக்கே ஜீப்பில் அனுப்பிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு லீவு. முதல் பஸ்ஸில் போ. போய் அவளைக் கேள்.

அப்பா